வியாழக்கிழமைப் பாதம்

உட்காருங்கக்கா. அந்தப் பண்டல் மேலயே உட்காருங்க, ஒண்ணும் ஆகாது, எல்லாம் பனியன்தான். நான் பிசிறு வெட்டிக்கிட்டே பேசறேன், மரியாதை தெரியாதவன்னு நினைச்சுக்காதீங்க. பொழுது சாயறதுக்குள்ள இந்தக் கட்டு முடியோணும், எடுத்துட்டுப் போக ஆள் வரும். தெச்ச பனியன்ல கழுத்தோரம், கையோரம் நூலு நீட்டிக்கிட்டு நிக்குமில்லீங்க, அதுதான் பிசிறு. ஒண்ணொண்ணா வெட்டோணும். துணியில கத்திரி பட்டுச்சுன்னா பீஸே போச்சு. எனக்கு அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு, நாலு பேரு முன்னாடி பேச்சு வராது. கை ஓடினாத்தான் வாய் ஓடும்.

பேரு ருக்குமணி. வயசு இருபத்தஞ்சுன்னு போட்டுக்கோங்க. வீட்டுக்காரர் தறி ஓட்டறார். இந்தாத் தூங்கறாளே, இவ மித்ரா. மூணு முடியப் போகுது.

ஹிந்திக்காரங்க இந்த லைன் வீட்டை விட்டு ஏன் போனாங்கன்னுதான கேட்டீங்க? எதிர்சாரி மயிலாத்தாகிட்டக் கேட்டீங்களா? என்ன சொல்லுச்சு அந்தம்மா? ரூமு பத்தல, அவங்களாவே காலி பண்ணிட்டாங்கன்னா? சரி. அப்ப அப்படியே எழுதிக்கோங்க.

எழுதிட்டீங்களா?

இல்ல, சும்மா கேட்டேன்.

முன்னெல்லாம் எங்க ஊருப் பக்கம் அவங்களைப் பாக்கவே முடியாதுங்க. திருப்பூருக்குப் போனாத்தான் பஸ் ஸ்டாண்டுல முதுகுல பையோட நிப்பாங்க, எல்லாம் ஆம்பளைப் பசங்க. அப்புறம் இங்க ஸ்பின்னிங் மில்லுக்கு ஆளு வேணும்னு கூட்டியாந்தாங்க. மொதல்ல ரெண்டு பசங்க, ஒரு ரூமு. அப்புறம் ஆறு பேரு. அதுல ஒருத்தன் பொண்டாட்டியைக் கூட்டியாந்தான். பொண்டாட்டி வந்தா அவ தங்கச்சி வருவா, தங்கச்சி வந்தா அவ புருஷன் வருவான். ரெண்டே வருஷத்துல இந்தச் சாரி எட்டு ரூமுல அஞ்சு ரூமு அவங்க. மளிகைக் கடையில கடுகெண்ணெய் வாங்கி வெக்க ஆரம்பிச்சாங்க. கண்டக்டர் எங்களைப் பாத்தும் "சலோ சலோ"ங்கறாரு. எனக்கு அதுல ஒண்ணும் இல்லீங்க. நான் யாரையும் ஒண்ணும் நினைக்கறவ இல்ல. அந்த எண்ணெய் வாசம்தான் கொஞ்சம்... அதுவும் பழகிப்போச்சு.

பக்கத்து ரூமு, இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம், சஸ்மிதான்னு ஒருத்தி. என் வாயில அந்தப் பேரு நிக்கலை. மீதான்னு கூப்பிட்டேன், அவளும் சரின்னு அதையே வெச்சுக்கிட்டா. என் வயசுதான். அவ வீட்டுக்காரன் நரேன், மில்லுல ஷிப்டு. ஒரு பொண்ணு, குனி. மித்ராவைவிட நாலு மாசம் சின்னது. அவங்க ஹிந்திக்காரங்களே இல்லீங்க. ஒடியான்னு தனிப் பேச்சாம், ஒருநாள் சொன்னா, நானும் தலையாட்டினேன். ஆனா வாயில ஹிந்திக்காரங்கன்னுதான் வருது. நீங்க சரியா எழுதிக்கோங்க.

அவளும் என்னாட்டம்தான், வாய் செத்தவ. ரெண்டு ஊமைக்கும் நல்லா ஒத்துப்போச்சு. ஆத்துத் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா வரும். வந்தா நான் சுவத்துல ரெண்டு தட்டுத் தட்டுவேன், குடத்தோட வந்து நின்னுருவா. பிசிறு வெட்ட அவளுக்குக் கத்துக் குடுத்ததே நான்தான். குனி கைக்குழந்தையா வந்தப்போ தலைக்குத் தண்ணி ஊத்த அவளுக்குப் பயம். நான்தான் காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டி விடுவேன். இடுப்புல வலது பக்கம் ஒரு மச்சம், இத்தனூண்டு, புளியங்கொட்டையாட்டம். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வெச்சுட்டேன். மீதா கிண்ணியோட வந்து நின்னா. "தீதி, உப்பு." அக்கான்னா அவங்க பேச்சுல தீதி. எங்கள்ல வெள்ளிக்கிழமை விளக்கு வெச்சப்புறம் உப்பு குடுக்க மாட்டோமுங்க. தயிரும் குடுக்க மாட்டோம். மகாலட்சுமி கூடவே எந்திரிச்சுப் போயிருவாம். உங்க வீட்ல எப்படியோ. இதை எப்படி அவகிட்டச் சொல்றது? விளக்கைக் காட்டினேன், உப்பு ஜாடியைக் காட்டினேன், கையை இப்படி ஆட்டினேன். அவ ஒரு நிமிஷம் பாத்தா. அப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிட்டு, விளக்கைப் பாத்துக் கும்பிட்டுட்டு, வெறுங்கிண்ணியோட போயிட்டா. மூஞ்சி சுண்டலை. மறுநாள் காத்தால நானே உப்பு கொண்டு போய்க் குடுத்தேன். சிரிச்சா.

இதை ஏன் சொல்றேன்னா... இருங்க, வரேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கார்த்திகை தீபம் முடிஞ்சு ஒரு வாரம். வியாழக்கிழமை. மித்ராவுக்கு முந்தின நாள்ல இருந்து வயித்துப்போக்கு. உப்பும் சக்கரையும் கரைச்சு ஊத்திக்கிட்டே இருன்னு நர்ஸம்மா சொல்லியிருந்தாங்க. காத்தால டப்பாவைத் தட்டறேன், சக்கரை இல்ல. கடை திறக்கலை. மீதா வீட்டுக்குப் போனேன்.

அவ வாசலெல்லாம் கழுவி விட்டு, ஈரத்தலையோட, புதுச் சீலை கட்டிக்கிட்டு நிக்கறா. உள்ள பூவு, ஊதுபத்தி, நெல்லு ஒரு படி நிறைய. "மீதா, சக்கரை. பாப்பாவுக்கு வயிறு சரியில்ல"ன்னு வயித்தைத் தொட்டுக் காட்டினேன். சக்கரை டப்பா அவளுக்குப் பின்னால அலமாரியில இருக்குது, எனக்குத் தெரியுது. அவ கையை இப்படி ஆட்டினா. "இன்னைக்கு இல்ல தீதி. குருபார்." சாமிப் படத்தைக் காட்டினா. டப்பாவைக் காட்டினா. மறுபடியும் கையை ஆட்டினா. மூஞ்சி அழற மாதிரி இருந்துச்சு.

எனக்கு ஒண்ணும் புரியலைங்க. புரியலையா, புரிஞ்சுக்கலையா, இப்ப யோசிச்சாத் தெரியலை. ஒரு கை சக்கரை. குழந்தைக்கு. இவளுக்கு எத்தனை தண்ணி பிடிச்சுக் குடுத்திருப்பேன், இவ பிள்ளையை எத்தனை நாள் குளிப்பாட்டியிருப்பேன்! பேசாம வந்து வெல்லத்தை நசுக்கிக் கரைச்சு ஊத்தினேன். அதுலயே மித்ராவுக்குத் தெளிஞ்சுது. கண்ணசந்தா.

சரின்னு வாசலைக் கூட்டலாம்னு வெளிய வந்தேன். பாத்தா அவ வாசல் பூரா வெள்ளை வெள்ளையாப் பாதம். அரிசி மாவைக் கரைச்சு விரல்ல தொட்டு வரைஞ்சது. ஒரு வயசுக் குழந்தை மாவுல மிதிச்சுட்டு நடந்தாப்புல இருக்குது. அவ வாசல்ல போட்டா எனக்கென்ன? ஒரு ஜோடி எங்க நிலைப்படிக்கு முன்னாடி இருந்துச்சுங்க. தனியா. விரலெல்லாம் எங்க வீட்டைப் பாத்து.

அப்ப போன்ல ஒரு பேச்சு சுத்திக்கிட்டு இருந்துச்சு, நீங்களும் கேட்டிருப்பீங்க. வடக்க இருந்து பிள்ளை பிடிக்கறவங்க எறங்கியிருக்காங்க, குழந்தை இருக்கற வீடாப் பாத்து வாசல்ல அடையாளம் போட்டுட்டுப் போவாங்கன்னு. ஒரு ஆம்பளை அழுதுக்கிட்டே சொல்லுவான். என் வீட்டுக்காரர் போன்லயும் வந்துச்சு. நான் நம்பலைங்க. நிஜமா நம்பலை. கோகுலாஷ்டமிக்கு எங்க லைன் ஓனரம்மா வீட்ல வருஷா வருஷம் கிருஷ்ணர் பாதம் போடறாங்க, அதுக்கு மாவு அரைச்சுக் குடுக்கறதே நான்தான். அன்னைக்கு அது நெனப்புக்கு வரலை, அவ்வளவுதான். ஒரு வாளித் தண்ணியை ஊத்தி விளக்குமாத்துல தேய்ச்சு விட்டேன்.

அந்த நேரம் பாத்துத் தண்ணி வந்துச்சு. அன்னைக்கு நான் சுவத்தைத் தட்டலை.

குழாயடியில மயிலாத்தா. அந்தம்மாளுக்குப் புருஷன் இல்ல, பிள்ளை இல்ல, வாய் மட்டும் எட்டூருக்குக் கேக்கும். "ஏன் அம்முணி, மூஞ்சி ஊதிக் கெடக்குது? உன்ற ஹிந்திக்காரச் சிநேகிதியைக் காணோம்?"

"அவ பேச்சை எடுக்காதீங்க."

"அட! ஆறும் அணையும் பிரிஞ்சு போச்சா? ஏனாம்?"

நான் சொன்னேனுங்க. ரெண்டே வரி. "எங்க வாசல்ல குழந்தைக் காலு வரைஞ்சு வெச்சிருக்கா. என்னத்துக்குன்னு தெரியலை." அவ்வளவுதான். மூணாவது வரி சொல்லலை. பிள்ளை பிடிக்கறவன்னு என் வாயால வரவே இல்லீங்க. அதை மயிலாத்தாதான் சொல்லுச்சு. குடம் நெறைஞ்சு வழியறதைக்கூடப் பாக்காம நின்னுச்சு. "அடையாளமா? கைக்குழந்தை இருக்கற வாசல்லயா?" நான் ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. என் குடத்தைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

பத்து மணி இருக்கும். நரேன் ஷிப்டு முடிஞ்சு வந்து, குனியைத் தோள்ல வெச்சுக்கிட்டுக் கடைக்குப் போயிட்டுத் திரும்பறான். குனி கையில ஒரு ரஸ்க்கு. இந்தா, இந்த வேப்பமரத்துக்கிட்ட மறிச்சாங்க. பதினைஞ்சு, இருபது பேரு இருப்பாங்க. எல்லாம் தெரிஞ்ச மூஞ்சிதான்.

"யார்றா இந்தக் கொழந்தை?"

"என்... என் பாப்பா."

"உன் பாப்பாவா? நீ கருவேலங்கட்டையாட்டம் இருக்கற, இது ரோசாப்பூவாட்டம் இருக்குது. எங்கடா தூக்கின?"

ஒருத்தன் குனியைப் பிடுங்கினான். அது கத்தின கத்து இருக்குதே... ரஸ்க்கு கீழ விழுந்து மிதிபட்டுப் போச்சு. நரேனை அடிச்சாங்க. மீதா தலைவிரி கோலமா ஓடியாந்தா. நேரா என் வாசலுக்குத்தான் ஓடியாந்தா. "தீதி! போலோ தீதி!" போலோன்னா சொல்லுன்னு அர்த்தமுங்க. அந்தக் கூட்டத்துல ஒருத்தரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. "அம்முணி, உன்ற வாசல்லதான அடையாளம் போட்டிருந்தது? பக்கத்து வீடுதான நீ? இது இவங்க கொழந்தையான்னு நீயே சொல்லு. பயப்படாமச் சொல்லு."

அவளுக்கு அப்ப நாலு வார்த்தைக்கு மேல தமிழ் புரியாது. அதனால அந்த வாசல் பேச்சு அவளுக்கு விளங்கலை.

எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. நான் ஆம்பளைங்க முன்னாடி நின்னு பேசினவ இல்லீங்க. எங்கப்பன் முன்னாடியே பேசினது இல்ல. மச்சம்னு சொல்லியிருந்தாப் போதும். வலது இடுப்புல பாருங்கன்னா முடிஞ்சு போயிருக்கும். வாய்க்குள்ள இருந்துச்சு, வெளிய வரலை. அப்ப மித்ரா உள்ள முனகினா. நான் உள்ள வந்து கதவை... சாத்தலைங்க. அது நிஜமா சாத்தலை. ஒருக்களிச்சுத்தான் வெச்சேன். சாத்தறது வேற, ஒருக்களிக்கறது வேற, இல்லீங்களா?

அந்த இடுக்குலதான் பாத்தேன். நரேன் காதுல இருந்து ரத்தம் சொட்டுது. மீதா உள்ள ஓடி டிரங்குப் பெட்டியை அப்படியே தூக்கியாந்து ரோட்டுல கவுத்துக் கொட்டறா. சீலை, போட்டோ, சாமிப் படம், எல்லாம் மண்ணுல. அதுல இருந்து பொறந்த சீட்டைத் தேடி எடுத்து ரெண்டு கையாலும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னா. யாரும் வாங்கிப் படிக்கலை. அப்புறம் மில்லுல இருந்து சூப்பர்வைசரு வந்தாரு, பின்னாடியே போலீஸ் வந்தாங்க. சீட்டைப் பாத்தாங்க, குனியைத் திருப்பிக் குடுத்தாங்க, எல்லாரையும் போகச் சொன்னாங்க. எல்லாரும் அவங்கவங்க வேலைக்குப் போயிட்டாங்க.

மறுநாள் வெள்ளிக்கிழமை காத்தால கதவைத் திறக்கறேன், மீதா நிக்கறா. கண்ணு ரெண்டும் வீங்கி, இந்த இடத்துல கீறல். கையில கிண்ணி. கிண்ணி நிறையச் சக்கரை. "பாப்பா?"ன்னு கேட்டு வயித்தைத் தொட்டுக் காட்டினா. நான் தேவலைன்னு தலையாட்டினேன். வாசப்படியில வெச்சுட்டுப் போயிட்டா.

எனக்கு அப்பவும் விளங்கலைங்க. நேத்து இல்லாத சக்கரை இன்னைக்கு எங்கிருந்து வந்துச்சுன்னுதான் நினைச்சேன். அந்தச் சக்கரையை வீணாக்கலை. டப்பாவுல கொட்டி டீக்குப் போட்டோம்.

அன்னைக்கே ஓனரம்மா வந்து, எனக்கு வம்பு வேண்டாம் சாமி, அஞ்சு ரூமும் காலி பண்ணிருங்கன்னு சொல்லிட்டாங்க. சனிக்கிழமை டெம்போ வந்துச்சு. இதுதானுங்க அவங்களாப் போனது.

இப்ப பைபாஸுக்கு அந்தப் பக்கம் பாத்தீங்கன்னா பெரிய காலனியே ஆயிருச்சு. நாப்பது, அம்பது குடும்பம். தனியாக் கடை, தனியாச் சாமி, பள்ளிக்கூட வேன்கூட உள்ள போகுது. இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க. மீதா இப்ப தமிழ் பேசறா, என்னைவிட நல்லாப் பேசறா. ஸ்கூட்டி ஓட்டறா. கம்பெனியில இருந்து பிசிறுக் கட்டெல்லாம் அவதான் பொறுப்பா எடுத்து, இந்தச் சுத்து வட்டாரத்துல வீட்டுக்கு வீடு குடுத்து வாங்கறா. எனக்கும் அவதான் குடுக்கறா. பழசை மறக்காம மொதக் கட்டு எனக்குத்தான்.

போன கார்த்திகையில ஒருநாள் அவ வரலை. நானே கட்டைத் தலையில வெச்சுக்கிட்டுக் காலனிக்குப் போனேன். வியாழக்கிழமைன்னு நெனப்பு இல்ல. உள்ள நுழையறேன், அக்கா, வீட்டுக்கு வீடு பாதம். இந்தச் சாரி, அந்தச் சாரி, ஒவ்வொரு வாசல்லயும் வெள்ளை வெள்ளையா. காலை எங்க வெக்கறதுன்னு தெரியாம ரோட்டுலயே நின்னுட்டேன்.

மீதா பாத்துட்டா. "ஓரமா வாக்கா, மிதிச்சிராத. லட்சுமி வர்ற பாதம்."

அவளேதான் சொன்னா. "உங்களுக்கு வெள்ளிக்கிழமை மாதிரி எங்களுக்கு இந்த மாசத்து குருபார், வியாழக்கிழமைக்கா. இன்னைக்கு வீட்ல இருந்து ஒரு பொட்டுக்கூட வெளிய குடுக்க மாட்டோம். ஞாபகம் இருக்குதா, நீ சக்கரை கேட்டு வந்த? எனக்கு உசிரே போயிருச்சு. பாப்பாவுக்கு முடியலை, நீ வேற என்னைப் பாத்துக்கிட்டே நிக்கற. ஆனா நீ புரிஞ்சுக்குவேன்னு தெரியும். அன்னைக்கு உப்புக்கு விளக்கைக் காட்டினவதான நீ? நீ போனப்புறம் மனசு கேக்கலை. சக்கரைதான் குடுக்கக் கூடாது, லட்சுமியை அனுப்பலாமில்லன்னு உன் வாசல்ல ஒரு ஜோடி போட்டுட்டு வந்தேன். பாத்தியாக்கா?"

"பாத்தேன்"னேன்.

"மித்ராவுக்கு அன்னைக்கே சரியாயிருச்சுல்ல?"

"ஆயிருச்சு."

"பாத்தியா பின்ன!"ன்னு சிரிச்சா. குனி ஓடியாந்து என் காலைக் கட்டிக்கிச்சு.

தலையில கட்டு அப்படியே இருக்குது, எறக்கி வெக்கக்கூடத் தோணலை. அவளா மேல பேசினா. "அன்னைக்குக் கதவைச் சாத்திக்கிட்டேன்னு உள்ளுக்குள்ள வெச்சுக்காதக்கா. பயந்துட்ட. நானா இருந்தாலும் பயந்திருப்பேன். யாரு பத்த வெச்சாங்கன்னு எனக்குத் தெரியும். அந்த மயிலாத்தா."

நான் என்ன சொன்னேன்னு நினைக்கறீங்க? "கட்டை எங்க வெக்கட்டும்"னு கேட்டேன்.

அதுல இருந்து மயிலாத்தாளுக்கு மட்டும் கட்டு கிடையாது. இந்தச் சாரி, எதிர்சாரி, எல்லா வீட்டுலயும் குடுப்பா, அந்த வாசலைத் தாண்டிப் போயிருவா. அந்தம்மாளுக்கு வேற வேலை முடியாதுங்க, மூட்டு வலி, உக்காந்து வெட்டறது ஒண்ணுதான் முடியும். ஒருநாள் குழாயடியில நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். அந்தம்மாளா, "போடி, நீ கொழந்தைக்காரி. பொழைச்சுப் போ. நான் ஒண்டிக்கட்டை"ன்னுச்சு. அந்த வாயில இருந்து இத்தனை நாள்ல என்னைப் பத்தி ஒரு சொல்லு வெளிய வரலைங்க. எட்டூருக்குக் கேக்கற வாயி. இன்னைக்கு உங்ககிட்டக்கூட அவங்களாப் போயிட்டாங்கன்னுதான சொல்லியிருக்குது? எழுதினதைச் சித்தெ அடிச்சிருங்கக்கா.

நான் சொல்லோணும்னு நாலு தடவை காலனிக்குப் போயிட்டேன். ஒரு தடவை முறுக்கு சுட்டு எடுத்துட்டுப் போனேன். முறுக்கைக் குடுத்துட்டு வந்துட்டேன். மித்ராவும் குனியும் ஒரே பால்வாடி. ஒரே டம்ளர்ல தண்ணி குடிக்குதுங்க. சொன்னா அது நின்னு போகும். சொல்லாட்டி... பாருங்க, பேச்சுல கத்திரி துணியில பட்டுருச்சு. முதல் பீஸ் இது, இன்னைக்கு.

நீங்க அடுத்து அங்கதான போறீங்க? படிச்சவங்க, பதமாச் சொல்லத் தெரியும். மயிலாத்தா பேருல தப்பு ஒண்ணுமில்ல, ருக்குமணிதான்னு... வேண்டாங்க. வேண்டாம், சொல்லாதீங்க. என் பேரை எழுதியிருந்தா அடிச்சிருங்க. இல்ல, இருக்கட்டும். அடிக்காதீங்க.

ஹாரன் கேக்குதா? அவதான். இந்நேரத்துக்கே வந்துட்டா.

"ருக்கக்கா! கட்டு ஆச்சா? கெஸ்ட் யாரு உள்ள? நானும் வரட்டுமா?"

"இதோ வந்துட்டேன் மீதா! அங்கயே நில்லு, பாப்பா தூங்கறா!" அக்கா, அவ உங்களைப் பாக்காமப் போக மாட்டா. என்ன பேசிக்கிட்டு இருந்தீங்கன்னு கேப்பா. கேட்டா நீங்க, அன்னைக்குக் குழாயடியில அந்த ரெண்டு வரியைச் சொன்னது...